மங்கலான மீன்கொத்தி: லென்ஸ் மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

நிலைமை

பொழுதுபோக்காகப் பறவைகளைப் படமெடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "படம் ஷார்ப்பாக வரவில்லை, 600 மி.மீ. லென்ஸ் வாங்கிவிடலாமா?" இதற்குப் பொதுவாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிப் பயனில்லை. அதனால் இந்தக் கேள்வி வழக்கமாக எழும் ஒரு மாதிரி நிலைமையை எடுத்து, கோளாறு எங்கே என்று எண்களை வைத்தே பார்ப்போம். கீழே வரும் அளவுகளை எளிய ஒளியியல் கணக்கில் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் வகை); சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., அதில் 6000 பிக்சல். லென்ஸ் 70–300 மி.மீ. எஃப்4.5–5.6 (எஃப் எண் கூடக் கூட ஒளி நுழையும் துளை சுருங்கும்), கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் உண்டு. எதிரே நாணல் தண்டில் சிறு மீன்கொத்தி ஒன்று, அலகிலிருந்து வால் வரை 16 செ.மீ. தூரம் 12 மீட்டர். பொழுது விடிந்துவிட்டது, ஆனால் வெயில் இன்னும் அந்தக் கரைக்கு இறங்கவில்லை. அப்பர்ச்சர் பிரையாரிட்டி (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா முடிவு செய்யும் மோடு), எஃப்8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, ஃபோகஸ் பகுதியைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ஏரியா, ஜேபெக் கோப்பு. இந்த வெளிச்சத்துக்குக் கேமரா கொடுத்த ஷட்டர் வேகம் 1/100 நொடி.

எஃப்8-இல் லென்ஸ் ஷார்ப்பாக இருக்கும் என்பது சரியான அறிவுரை. ஐஎஸ்ஓ ஏற ஏற நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரடு) கூடும் என்பதும் சரி. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடித்ததன் விலைதான் அந்த 1/100.

பெரிதாக்கிப் பார்த்தால்

எக்ஸிஃப் தகவலுக்கு (படத்தோடு பதியும் செட்டிங் விவரம்) போகுமுன் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும். பறவையின் கண்ணில் வானத்தின் ஒளி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளி உருண்டையாக இருந்தால் கவலையில்லை. சாய்ந்த கோடாக இழுபட்டு, பறவை உட்கார்ந்திருக்கும் தண்டின் விளிம்பும் அதே திசையில் அதே அளவு இழுபட்டிருந்தால், ஆடியது கேமரா. தண்டு சுத்தமாக இருந்து தலை மட்டும் கலைந்திருந்தால், அசைந்தது பறவை. பறவை முழுவதும் மென்மையாகி முன்னால் நிற்கும் நாணல் இலையின் நரம்பு துல்லியமாகத் தெரிந்தால், ஃபோகஸ் இடம் மாறிவிட்டது. விளிம்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இறகின் இழைகள் மட்டும் தண்ணீர் தெளித்த வண்ணம் போல வழிந்திருந்தால், கேமராவுக்குள் நடக்கும் ஜேபெக் நாய்ஸ் குறைப்பு வேலையைக் காட்டியிருக்கிறது.

இந்த நிலைமையில் எடுத்த தொகுப்பில் பொதுவாக நான்கும் கலந்தே இருக்கும். எல்லாவற்றுக்கும் "லென்ஸ் ஷார்ப்பில்லை" என்று ஒரே பெயர் வைத்துவிடுவதில்தான் தவறான முடிவு தொடங்குகிறது.

கேமரா ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 300 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் கையில் பிடித்தால், பழைய விதிப்படி 1/450 அளவு வேகம் வேண்டும் (300-ஐ ஏபிஎஸ்-சி சென்சாருக்கான 1.5-ஆல் பெருக்கியது). 1/100 என்பது அதைவிட இரண்டு ஸ்டாப்புக்குச் சற்றே கூடுதலாக மெதுவானது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது). ஸ்டெபிலைசர் இதைச் சமாளித்துவிடும். ஆனால் ஷட்டரைப் பாதி அழுத்தி அரை நொடியாவது பொறுத்தால்தான் அது நிலைகொள்ளும். பறவை போய்விடுமோ என்ற பதற்றத்தில் பொத்தானை ஒரே குத்தாகக் குத்தினால் முதல் ஃப்ரேம் கலங்கித்தான் வரும்.

ஸ்டெபிலைசர் கொஞ்சமும் உதவாத இடம் பறவையின் அசைவு. உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி சும்மா இருப்பதில்லை, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் திருப்பலை நொடிக்கு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டரில் 300 மி.மீ. லென்ஸ் வழியாகச் சென்சாரில் அது நொடிக்கு சுமார் 5 மி.மீ. 1/100 நொடிக்குள் தலை 13 பிக்சல் நகர்ந்துவிடும். 1/800-இல் இரண்டு பிக்சல்கூட நகராது. ட்ரைபாடில் கேமராவைப் பாறை மாதிரி நிறுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

லென்ஸைத் தொடாமல் முதல் திருத்தம்

எஃப்8-இலிருந்து எஃப்5.6-க்குத் திறந்தால் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓ 400-இலிருந்து 1600-க்கு ஏற்றினால் இரண்டு. மொத்தம் மூன்று ஸ்டாப். 1/100 இப்போது 1/800. ஆழப்புலம் (துல்லியமாகத் தெரியும் முன்பின் ஆழம்) எஃப்8-இல் ஏறக்குறைய 50 செ.மீ. இருந்தது, எஃப்5.6-இல் 35 செ.மீ. ஆகிறது. 16 செ.மீ. பறவைக்கு அது தாராளம். எஃப்8 கொடுத்த கூடுதல் ஆழம் இங்கே பறவைக்குப் பயன்படவே இல்லை; பின்னணியைக் கொஞ்சம் கரடுமுரடாக்கியதுதான் மிச்சம்.

ஐஎஸ்ஓ 1600-இல் நாய்ஸ் தெரியும். ஆனால் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்துக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். அசைவால் கலைந்த இறகை எந்த மென்பொருளாலும் நம்பும்படி மீட்க முடியாது. நாய்ஸுக்கும் மங்கலுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், யோசிக்காமல் நாய்ஸை எடுத்துக்கொள்ளலாம்.

இதை ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொண்டிருப்பது நடக்காத காரியம். மேனுவல் மோடில் எஃப்5.6, 1/800 என்று நிறுத்திவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, மேல் வரம்பு 6400 என்று வைப்பதே காட்டுயிர்ப் படத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு. அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் மேகம் மறைத்தால் ஷட்டர் வேகம் சத்தமில்லாமல் சரிந்துவிடும். இந்த ஏற்பாட்டில் மாறுவது ஐஎஸ்ஓ மட்டும்தான்.

ஃபோகஸ்: ஆட்டோ ஏரியா பொதுவாகக் கிட்டத்தில் தெளிவாகத் தெரிவதைப் பிடிக்கும். நாணலுக்குள் உட்கார்ந்த பறவைக்கு அது நாணலைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளி அல்லது சிறு மண்டலம், கூடவே தொடர் ஃபோகஸ் (நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் சர்வோ) வைத்துக்கொள்ள வேண்டும். பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியுள்ள மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவானாலும், பறவை ஃப்ரேமில் சிறியதாக இருக்கும்போதோ இலை மறைக்கும்போதோ அது தடுமாறும். அப்போது ஒற்றைப் புள்ளிக்குத் தாவ ஒரு பொத்தானை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால் உட்கார்ந்த பறவைக்கும் பறக்கும் பறவைக்கும் மோடு மாற்றாமல் வேலை செய்யலாம். விரலை எடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும், அழுத்திக்கொண்டே இருந்தால் பின்தொடரும்.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எல்லாப் படங்களிலும் ஃபோகஸ் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி விழுந்தால் ஏஎஃப் நுண்திருத்தம் (ஆட்டோஃபோகஸ் விழும் இடத்தைச் சற்று நகர்த்தும் செட்டிங்) தேவைப்படலாம். மிரர்லெஸில் சென்சாரிலேயே அளப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் குறைதான் லென்ஸ் நீளத்தின் (குவியத் தூரம், அதாவது அந்த மி.மீ. எண்) குறை. அது என்ன என்று இனித்தான் பார்க்க முடியும்.

தூரமா, நீளமா

12 மீட்டரில் 300 மி.மீ. லென்ஸ் அந்தப் பறவையைச் சென்சாரில் 4.1 மி.மீ. நீளமாக விழச் செய்கிறது. பிக்சலில் சுமார் 1050. 400 மி.மீ. என்றால் 1400, 600 என்றால் 2150. திரையில் பார்ப்பதற்கு 1050 பிக்சல் பறவை போதும். கிராப் செய்து 2000 பிக்சல் அகலத்துக்கு வெட்டினால் ஃப்ரேமில் பாதியைப் பறவை பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட நீளப்பக்கத்துக்கு 3500 பிக்சல் வேண்டும். அங்கே இது இழுக்கும்.

இதே 300 மி.மீ. லென்ஸோடு 6 மீட்டருக்கு வந்தால்? அதே 2150 பிக்சல். தூரத்தைப் பாதியாக்குவதும் லென்ஸ் நீளத்தை இரட்டிப்பாக்குவதும் கணக்கில் ஒன்றே. கூடுதல் லாபமாக, நடுவில் இருக்கும் காற்றும் பாதியாகிறது, எஃப்5.6-உம் கையில் இருக்கிறது.

மீன்கொத்தியைத் துரத்திக்கொண்டு 6 மீட்டருக்கு வர முடியாது. அது ஏற்கெனவே பழகிய கிளையை இரண்டொரு நாள் தூரத்திலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு, அது வருமுன் தாழ்வாக மறைவில் உட்கார்ந்துவிட வேண்டும். வண்டிக்குள் இருந்தபடியே கதவு விளிம்பில் மணல் பை வைத்து எடுப்பதும் நன்றாக வேலை செய்யும். இறங்கி நிற்கும் ஆளைவிட வண்டிக்குப் பறவைகள் குறைவாகவே அஞ்சும். இறகு கோதுவதை நிறுத்திவிட்டு உடலை ஒடுக்கி நிமிர்ந்தால், அதற்கு மேல் நெருங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மீன்கொத்தி தான் விழுங்கப்போகும் மீனைத் தலை உள்பக்கம் இருக்கும்படி திருப்பிக்கொள்ளும். தலை வெளிப்பக்கம் நீட்டியிருக்க அலகில் பிடித்திருந்தால் அது இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகும் மீன். மண்கரையில் வளை பக்கத்தில் இருக்கலாம், உட்கார்ந்திருக்கும் ஆள் அதன் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். படம் எவ்வளவு நன்றாக வரும் என்றாலும் அங்கிருந்து எழுந்துவிட வேண்டும்.

எந்த லென்ஸ்

நெருங்கவே முடியாத இடங்கள் உண்டு: அகன்ற நீர்நிலை, வேலிக்கு அப்பால், மர உச்சி. அங்கே நீளம் வேண்டும்தான். 600 மி.மீ. எஃப்6.3 என்றால் முன்கண்ணாடிக்குக் குறைந்தது 95 மி.மீ. விட்டம் வேண்டும், 600 எஃப்4 என்றால் 150 மி.மீ. எடையும் விலையும் ஏறுவது இந்த விட்டத்தால்தான். அந்த விட்டத்தைக் குறைத்து யாராலும் லென்ஸ் செய்ய முடியாது.

சிக்மா 150–600 எஃப்5–6.3 கன்டெம்பரரி 1.93 கிலோ. சோனி 200–600 எஃப்5.6–6.3 சுமார் 2.1 கிலோ, ஜூம் உள்ளேயே நகர்வதால் லென்ஸ் நீளாது, எடைச் சமநிலை மாறாது. மோனோபாடில் (ஒற்றைக்கால் தாங்கி) வைத்திருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். நிக்கான் 500 எஃப்5.6 பிஎஃப் 1.46 கிலோவில் நாள் முழுதும் கையில் பிடிக்கக் கூடியது, ஆனால் ஜூம் கிடையாது. கேனான் ஆர்எஃப் 100–400 எஃப்5.6–8 வெறும் 635 கிராம். பகல் வெளிச்சத்தில் அருமை, விடியலில் 400 முனையில் எஃப்8 என்பது கைவிலங்கு. கேனான் ஆர்எஃப் 800 எஃப்11-இல் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது, 6 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸும் ஆகாது. நம் மீன்கொத்தி 5 மீட்டரில் வந்து உட்கார்ந்தால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இருக்கும் 70–300-க்குப் பின்னால் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நின்று நீளத்தைக் கூட்டும் துணைக் கண்ணாடி) மாட்டலாமே என்று தோன்றும். பொருந்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும் (இந்த வகை ஜூம்கள் பலவற்றில் பின்கண்ணாடி இடிக்கும், பொருந்தாது) கிடைப்பது 420 மி.மீ. எஃப்8. ஒரு ஸ்டாப் போய்விடும். பல டிஎஸ்எல்ஆர்களில் எஃப்8-க்கு நடுப்புள்ளி மட்டுமே ஃபோகஸ் செய்யும் அல்லது எதுவுமே செய்யாது. டெலிகன்வெர்ட்டர் நல்ல எஃப்4, எஃப்2.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களுக்கு ஏற்றது. சாதாரண ஜூமுக்கு அதைவிட கிராப்பே மேல்.

இந்த நிலைமைக்கு நம் பரிந்துரை 150–600 வகை ஜூம். காரணம் 600 முனை மட்டுமல்ல. 300-க்குச் சட்டென்று திரும்ப முடிவதும்தான். ஏன் என்பது அடுத்து.

600 வந்த பிறகு புதிதாகக் கெடுபவை

பெரிய லென்ஸ் வந்த முதல் வாரத்தில் படங்கள் முன்னைவிட மோசமாவது சகஜம். உருப்பெருக்கம் இரட்டித்ததால் ஆட்டமும் அசைவும் இரட்டித்துவிடுகின்றன. 300-இல் 1/800 தந்த துல்லியத்துக்கு இப்போது 1/1600 வேண்டும். எஃப்5.6-இலிருந்து எஃப்6.3-க்கு மூன்றில் ஒரு ஸ்டாப் குறைவு வேறு. அதே விடியல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 4000-ஐ எட்டிவிடும். பறவை அசையாமல் இருக்கும் கணத்துக்காக 1/500-க்கு இறங்கி ஒரு பர்ஸ்ட் (தொடர்ந்து பல ஃப்ரேம்கள்) அடித்து, அதில் தலை நின்ற ஒரு ஃப்ரேமைப் பொறுக்கிக்கொள்வது இங்கே நியாயமான சமரசம்.

ஆழப்புலம்தான் பலரையும் ஏமாற்றும் இடம். 12 மீட்டரில் 600 மி.மீ. எஃப்6.3-க்கு அது 10 செ.மீ.கூட இல்லை. பறவை பக்கவாட்டில் உட்கார்ந்தால் அலகும் கண்ணும் வாலும் ஒரே தளத்தில் வரும், எல்லாம் துல்லியம். நேராக நம்மைப் பார்த்தால் கண்ணைப் பிடித்தால் வால் போகும். தோளில் ஃபோகஸ் விழுந்தால் கண்ணே மென்மையாகிவிடும். ஃபோகஸ் புள்ளியை உடலின் நடுவில் வைக்கும் பழக்கம் 300-இல் தப்பித்தது, 600-இல் தப்பிக்காது. கண்ணிலேயே வைக்க வேண்டும்.

அடுத்தது, பறவையைக் கண்டுபிடிப்பது. 12 மீட்டரில் 600-இன் ஃப்ரேம் 45 செ.மீ. அகலம் மட்டுமே. வியூஃபைண்டரில் வெறும் நாணலாகத் தெரியும், பறவை எங்கே என்றே தெரியாது. 200-க்கு விரித்துப் பறவையை நடுவில் கொண்டுவந்து, கண்ணை எடுக்காமல் 600-க்கு இழுக்க வேண்டும். பழக்கமானால் ஒரு நொடி வேலை. லென்ஸில் ஃபோகஸ் வரம்பு சுவிட்ச் இருந்தால், கிட்டே எதுவும் வராத இடத்தில் தொலைவு வரம்பில் போட்டுவிடுவது நல்லது. தவறவிட்ட ஃபோகஸ் கிட்ட முனை வரை ஓடித் திரும்பும் நேரம் மிச்சம். பறவை நெருங்கி வந்து உட்கார்ந்தபோது ஃபோகஸ் பிடிக்காவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதே சுவிட்சைத்தான்.

பறக்கும் கணம்

மீன்கொத்தி தண்டிலிருந்து குறுக்காகப் பாயும்போது நொடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. ஃப்ரேமைக் கடக்க அதற்கு 1/18 நொடி. நொடிக்கு 10 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில் மிஞ்சினால் ஒரு படம். கண்டு விரலை அழுத்த மனிதருக்கு 1/5 நொடி ஆகும் என்பதையும் சேர்த்தால் அந்த ஒன்றும் இல்லை. பறவை இல்லாத தண்டின் துல்லியமான படம் எல்லோரிடமும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அதனால் புறப்பாட்டை எடுக்க ஜூமை 300-க்கு விரித்து, பறவை பார்க்கும் திசையில் காலி இடம் விட்டு, ஃபோகஸைத் தண்டின் தளத்திலேயே நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டும். பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே முந்தைய ஃப்ரேம்களை நினைவில் வைத்துக்கொள்ளும் முன்பதிவு வசதி கேமராவில் இருந்தால் அதுதான் இங்கே கைகொடுக்கும். வேகம் 1/3200-க்குக் குறையக் கூடாது. 300-இல் அப்போதும் 16 பிக்சல் நகர்வு உண்டு. 1/800-இல் அது 65. பறக்கும் பறவையோடு கேமராவையும் சுழற்றினால் உடல் நிற்கும், சிறகு முனை மட்டும் கலையும். அது குறையில்லை, பறப்பது போலத் தெரிய அதுவும் வேண்டும்.

எஃப்5.6-இல் 1/3200-க்கு விடியலில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். வெயில் ஏறி இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினால் அதே வேகம் 1600-இல் கிடைக்கும். உட்கார்ந்த படங்களை முதலில் எடுத்துவிட்டுப் பாய்ச்சலைப் பின்னால் வைத்துக்கொள்வது எளிய திட்டம்.

மௌன ஷட்டர் மீது ஆசை இருந்தால் இங்கே கவனம். சாதாரணச் சென்சார்கள் எலெக்ட்ரானிக் ஷட்டரில் மேலிருந்து கீழ் வரை வரிவரியாகப் படிக்கப் ஒரு நொடியின் நூறில் சில பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சிறகு வளைந்துவிடும். ஸ்டாக்டு சென்சார் (மிக வேகமாகப் படிக்கும் அடுக்குச் சென்சார்) இல்லாத கேமராவில் பறவை பறக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டரே. மெமரி கார்டும் கழுத்தைப் பிடிக்கும்: ஒரு ரா கோப்பு 28 எம்பி என்றால் நொடிக்கு 10 ஃப்ரேமுக்கு 280 எம்பி எழுத வேண்டும். யுஹெச்எஸ்-1 கார்டின் பாதையே 104 எம்பிதான். பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவு) நிரம்பிக் கேமரா திணறுவது பெரும்பாலும் மீன் அலகில் இருக்கும் நேரமாகவே அமையும். நீளமாக அழுத்தாமல் மூன்று நான்கு ஃப்ரேமாகத் தட்டித் தட்டி எடுத்தால் தப்பலாம்.

வெளிச்ச அளவீடு

மீன்கொத்தியின் ஆரஞ்சு மார்பில் நேர்வெயில் விழும்போது சாதாரண ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் வலது விளிம்பில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும். பிறகு மார்பு இறகே இல்லாத ஆரஞ்சுத் தகடாக நிற்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து வெளிச்சத் திருத்தத்தை –0.3 முதல் –0.7 ஸ்டாப் வரை இறக்க வேண்டும். இருண்ட பின்னணியில் வெண்கொக்கு நின்றால் –1. வெளிறிய வானத்தில் காகமோ நீர்க்காகமோ என்றால் +1-க்கு மேல். மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்த ஏற்பாட்டில் பெரும்பாலான புதிய கேமராக்களில் இந்தத் திருத்த டயல் வேலை செய்யும். சில பழையவற்றில் செய்யாது, அதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

செட்டிங்கால் தீராதது

வெயில் ஏறியபின் தண்ணீர்ப்பரப்பின் மேலும் சூடான தரைமேலும் காற்று அலையாடும். அப்போது எந்த ஃப்ரேமிலும் எதுவும் துல்லியமாக இராது, அடுத்தடுத்த ஃப்ரேம்களில் விளிம்பு வேறு வேறு மாதிரி நெளியும். ஃபோகஸ் புள்ளியை மாற்றியோ வேகத்தைக் கூட்டியோ இதைச் சரிசெய்ய முடியாது. நீள லென்ஸ் இதைப் பெரிதாக்கித்தான் காட்டும். நெருங்கலாம், இல்லையென்றால் அடுத்த விடியலுக்கு வரலாம். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் ஹூடுக்குள்ளேயே (முன்னால் மாட்டும் நிழல் வளையம்) இந்த அலை உண்டாவதும் உண்டு. முதல் 15, 20 நிமிடம் ஹூடைக் கழற்றி வைத்து லென்ஸை வெளிவெப்பத்துக்கு வரவிட்டால் அடங்கும்.

இரண்டு ஏற்பாடுகளையும் கேமராவின் நினைவு இடங்களில் பதித்துவிடலாம் (கேனானில் சி1, சி2, நிக்கானின் சில மாடல்களில் யு1, யு2). ஒன்றில் உட்கார்ந்த பறவைக்கு 1/800, ஒற்றைப் புள்ளி, மெதுவான பர்ஸ்ட். மற்றொன்றில் பறப்பதற்கு 1/3200, அகன்ற மண்டலம், முழுவேக பர்ஸ்ட், மெக்கானிக்கல் ஷட்டர். பல கேமராக்கள் தூங்கி எழுந்ததும் பதித்த நிலைக்கே திரும்பிவிடும் என்பதால், களத்தில் செய்த வெளிச்சத் திருத்தம் காணாமல் போயிருக்கும். எழுப்பியவுடன் அந்த டயலை ஒருமுறை பார்த்துவிட்டே படமெடுக்கத் தொடங்க வேண்டும்.